அந்த வண்டியில் நானும் இருந்தேன்

மேஸ்திரி அக்கா என்று ஊரே கூப்பிடும் அவளுக்கும் எனக்கும் பதினான்கு வருஷப் பழக்கம். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வடக்கனந்தலுக்கு நான் கல்யாணமாகி வந்த வருஷம், கரும்பு வெட்டுக்கு ஒரு ஆள் குறைகிறது என்று எங்கள் வாசலில் வந்து நின்றாள். "பத்தாவது படிச்ச பொண்ணுன்றாங்க, வெயில்ல நிப்பியா?" என்று கேட்டாள். போனேன். முதல் நாளே கரும்புச் சோகை கையெல்லாம் கிழித்துவிட்டது. மதியம் தூக்குவாளியைத் திறந்தால் சோற்றைப் பிசைய முடியவில்லை. அவள் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கூப்பிட்ட வேலைக்கெல்லாம் போனேன். நடவு, கரும்பு, மக்காச்சோளம், மலைமேல் மரவள்ளி. வியாபாரிகள் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். எத்தனை ஆள், எந்த இடம், எத்தனை மணிக்கு வண்டி என்று பேசி முடித்து, அவள் எங்களைக் கூட்டிக்கொண்டு போவாள். அவளுக்கு எழுத்து வராது. பேங்க் ஃபாரம், ரேஷன் கடைக் காகிதம், அவள் தம்பிக்கு லோன் மனு எல்லாம் நான் எழுதிக் கொடுத்ததுதான். எதிரெதிர் வீடு. எனக்குப் பெண் பிறந்து இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்த ஒரு மாசமும் வெந்நீர் வைத்து ஊற்றியவள் அவள். கூடப் பிறந்தவள் இல்லாத குறை எனக்கு அவளால் தெரியாமல் போனது. இதையெல்லாம் முதலில் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது வெறும் கோர்ட்டுக் கதையாகப் போய்விடும்.

பொங்கல் முடிந்து நான்கைந்து நாள் இருக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஒரு காட்டில் மரவள்ளி பிடுங்கும் வேலை. கள்ளக்குறிச்சியில் மண்டி வைத்திருக்கும் ஒருவர் கிழங்கைக் காட்டோடு வாங்கியிருந்தார். வண்டியும் அவருடையது. சின்ன லாரி, எங்கள் ஊரில் குட்டியானை என்போம். வழக்கமாக ஓட்டுகிற ஆளுக்குக் காய்ச்சல். அன்றைக்கு ஓட்டியது அக்காவின் தம்பி. அவனிடம் இருந்தது பைக் லைசென்ஸ் மட்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு மூட்டைகளை ஏற்றி, மூட்டைகள்மேல் அக்காவையும் சேர்த்து எட்டுப் பேர் உட்கார்ந்து மலையிலிருந்து இறங்கினோம். மூன்றாவது வளைவோ நான்காவதோ, எதிரில் பஸ் வந்தது. தம்பி இடது பக்கம் ஒடித்தான். வண்டி பள்ளத்தில் விழவில்லை. மலைப்பக்கத்து ஓடையில் ஒரு சக்கரம் இறங்கி, அப்படியே சாய்ந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் குதித்துவிட்டார்கள். நான் மல்லாந்து கல்மேல் விழுந்தேன். என்மேல் ஒரு மூட்டை விழுந்தது.

வலி உடனே தெரியவில்லை. மூச்சுதான் வரவில்லை. மேல்காட்டிலிருந்து ஒரு மலைக்காரரும் அவர் வீட்டுக்காரம்மாவும் ஓடி வந்து மூட்டையைத் தூக்கினார்கள். பஸ்ஸில் வந்த ஆண்கள் வண்டியை நிமிர்த்திவிட்டார்கள். மலைக்காரர் ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டு வந்தார். அதோடு என்னைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். கீழே வந்ததும் அக்கா ஒரு காரை ஏற்பாடு செய்தாள்.

காரில் என் தலை அவள் மடியில் இருந்தது. கோமுகி அணையைத் தாண்டும்போது அவள் குனிந்து என் காதோடு பேச ஆரம்பித்தாள். தம்பிக்கு லைசென்ஸ் இல்லை, போலீஸ் வந்தால் உள்ளே போய்விடுவான், அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைகள், மண்டிக்காரர் எல்லாச் செலவையும் பார்த்துக்கொள்வதாகப் போனில் சொல்லிவிட்டார், நீ வீட்டில் விழுந்ததாகச் சொன்னால் போதும் என்றாள். அவள் கண்ணீர் என் நெற்றியில் விழுந்துகொண்டே இருந்தது.

"எனக்காகச் சொல்லுடி. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

பெரியாஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். தலைமுடியைக் கோதிவிட்ட நர்ஸம்மா ஒரு மரவள்ளி இலையை எடுத்துப் பார்த்துவிட்டு, பாத்ரூமில் இவ்வளவு மண் எப்படி என்று கேட்டாள். பாத்ரூம் தோட்டத்துப் பக்கம் இருக்கிறது என்று அக்கா பதில் சொன்னாள். எங்கள் வீட்டில் தோட்டமே கிடையாது.

என் வீட்டுக்காரர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் எழுதி முடிந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். அக்கா அழுதாள் என்றேன். அவர் டீ வாங்கி வரப் போய்விட்டார்.

முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், பெல்ட் போட்டு ஒன்றரை மாசம் அசையாமல் படுக்க வேண்டும் என்றார்கள். படுத்தேன். அந்த ஒன்றரை மாசமும் அக்கா ஒரு நாள் தவறவில்லை. வேலைக்குப் போகும் முன்பு வந்து உடம்பு துடைத்துவிடுவாள், தலை பின்னிவிடுவாள், என் பெண்ணை ஸ்கூலுக்கு அனுப்புவாள். அவள் கையில் எந்தப் பொய்யும் இருந்ததாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

எலும்பு கூடியது. வலி போகவில்லை. பெல்ட்டை எடுத்த பிறகுதான் அது தன் வேலையைத் தொடங்கியது. இடுப்பில் ஆரம்பித்து இடது தொடை வழியாகக் கணுக்கால்வரை ஒரு கம்பியைச் சூடாக்கி உள்ளே இழுப்பதுபோல இருக்கும். கால்மணி நேரத்துக்குமேல் உட்கார முடியாது. குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். இதை எழுதுவதுகூட நின்றுகொண்டுதான், அரிசி டிரம் மேல் நோட்டை வைத்து. வெளியில் பார்ப்பவர்களுக்கு நான் நடப்பேன், சிரிப்பேன், கடைக்குப் போவேன். நடவுக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள்.

மூன்றாவது மாசம் முடிவதற்குள் அக்கா வருவது குறைந்தது. வேலை ஜாஸ்தி என்றாள். ஆஸ்பத்திரி மாத்திரை தீர்ந்துபோய், வெளியில் வாங்கச் சொன்ன மாத்திரைக்கு வழியில்லாதபோது, மண்டிக்காரரிடம் கேட்கச் சொன்னேன். கேட்கிறேன் என்றாள். அடுத்த வாரமும் கேட்கிறேன் என்றாள். அதற்கு அடுத்த வாரம் வாசலில் என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போன் அடிக்கவே இல்லை. எதிர் வீட்டுப் போன் அடித்தால் எனக்குக் கேட்கும்.

நானே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய் மண்டியில் நின்றேன். மண்டிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். என் பேரைக் கேட்டுவிட்டு, கணக்குப்பிள்ளையிடம் அந்த நாள் ஆள் பேர் எழுதிய தாளை எடுக்கச் சொன்னார்.

"ஏழு பேர்தானம்மா அன்னிக்கு. உங்க பேர் இல்லியே."

பேர்களைச் சொன்னது யார் என்று கேட்டேன். மேஸ்திரிதான், மறுநாள் போனில் சொன்னாள் என்றார் கணக்குப்பிள்ளை. மறுநாள் என்றால் அவள் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்த நாள். என் பக்கத்தில் இருந்தபடியே வெளியே போய்ப் போனில் என் பேரை எடுத்திருக்கிறாள். நான் வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி மறந்துபோய் எதிர்ப்பக்கம் ரொம்ப தூரம் நடந்துவிட்டேன்.

கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று என் பெண்ணின் ஸ்கூலில் ஒரு டீச்சர் சொன்னார். அங்கே எனக்குக் கிடைத்த வக்கீலம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. நான் நின்றுகொண்டே பேசியதால் அவரும் எழுந்து நின்றுகொண்டார். எல்லாம் கேட்டுவிட்டு, விபத்து நடந்து எத்தனை மாசம் ஆகிறது என்றுதான் முதலில் கேட்டார். ஐந்து முடியப் போகிறது என்றேன். ஆறு மாசத்துக்குள் மனு போட்டாக வேண்டும் என்றார். பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"இதைச் சொன்னது நீங்கதானே? யாரும் உங்க வாயைப் பொத்தலையே?"

நான்தான் சொன்னேன் என்றேன். அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். கஷ்டம்தான், ஆனாலும் போடுவோம் என்றார். போலீஸ் ஸ்டேஷனில் புகாருக்கு ரசீது கொடுத்தார்கள். அதற்கு மேல் கேட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டச் சொன்னார்கள். வண்டிக்குச் சொந்தக்காரரான மண்டிக்காரர்மேலும் இன்சூரன்ஸ் கம்பெனிமேலும் நஷ்டஈடு கேட்டு மனு போனது.

அதோடு மாற்றுத்திறனாளி அட்டைக்கும் முயற்சி பண்ணுங்கள், கோர்ட்டுக்கும் உதவும், அட்டை வந்தால் உதவித்தொகைக்கும் எழுதலாம் என்று வக்கீலம்மா சொன்னார். ஒரு நாள் காலை மெடிக்கல் போர்டுக்குப் போனேன். அங்கே காத்திருந்தவர்களில் ஒருவருக்குக் கால் இல்லை. ஒரு பெண் பெரிய பையனை இடுப்பில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, உனக்கு இன்னாம்மா கொறை என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ இல்லாததைக் கேட்க வந்தவள்போல ஓரமாகப் போய் நின்றேன்.

அன்று நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை மறக்க முடியாது. பஸ்ஸில் அவ்வளவு தூரம் வர வேண்டுமே என்று காலையில் ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் குனியச் சொன்னபோது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குனிய முடிந்தது. காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்றார். உட்கார முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, விரட்டவும் இல்லை. வலி இருப்பதைத் தான் நம்புவதாகச் சொன்னார். ஆனால் அசைவு எவ்வளவு குறைந்திருக்கிறது, பலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுதான் அந்தத் தாளில் போட இடம் இருக்கிறதாம். நாற்பது சதவீதம் இருந்தால்தான் எதுவும் கிடைக்கும். எனக்கு இருபத்தெட்டு போட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த உடம்பு இத்தனை மாசம் என்னை அழவைத்துவிட்டு, காட்ட வேண்டிய அரைமணி நேரம் பார்த்துச் சும்மா இருந்துவிட்டதே என்று அதன்மேலேயே கோபம் வந்தது.

கேஸ் விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. என் பக்கம் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள் என்று வக்கீலம்மா கேட்டார். வண்டியில் வந்த மற்ற ஆறு பேரில் மூன்று பேர் வேறு ஊர். மூன்று பேர் எங்கள் தெரு. அந்த மூன்று பேரையும் போய்ப் பார்த்தேன். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி என் இடுப்பைத் தடவிப் பார்த்து அழுதாள். எவளும் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. அக்கா நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாளே, நாங்கள் இன்னா பண்றது என்று மட்டும் கேட்டார்கள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய், வளைவு வளைவாக இறங்கி விசாரித்து, மூட்டையைத் தூக்கின மலைக்காரரைக் கண்டுபிடித்தார். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லையாம். கோர்ட்டுக்கு எந்தத் தேதி வரணும் என்று மட்டும் கேட்டாராம்.

மூன்று தடவை அவர் கள்ளக்குறிச்சிக்கு வந்தார். இரண்டு தடவை வாய்தா போட்டுவிட்டார்கள். சாமை அறுப்பு நேரம். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் கொண்டு வந்திருக்கிறேன் என்று பொட்டலத்தைக் காட்டுவார். மூன்றாவது தடவை கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தேதி கேட்டார். பொங்கல் கழிஞ்சி என்றார். வண்டி நம்பர் கேட்டார். தெரியாது என்றார். முன்பின் பார்க்காத பெண்ணை ஒன்றரை வருஷம் கழித்து எப்படி அடையாளம் தெரிகிறது என்று கேட்டார்.

"மூட்டையத் தூக்கறப்ப அந்தம்மா மூஞ்சியத்தாங்க பாத்துக்கினு இருந்தேன். உசுரு இருக்குதான்னு."

கூட்டிக்கொண்டு வர யார் பஸ் செலவு கொடுத்தது என்று அடுத்த கேள்வி. என் வீட்டுக்காரர் கொடுத்தார் என்று உண்மையைச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பி நீதிபதியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு சாட்சியாக அக்கா வந்தாள். வருவாள் என்று வக்கீலம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் கூண்டில் ஏறி என் முகத்தைப் பார்த்தால் அவளால் முடியாது என்று நான் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

இவள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்றாள். எதிர் வீடு என்பதால் மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதாகவும், பாத்ரூமில் விழுந்ததாக நானே டாக்டரிடம் சொன்னதைக் காதால் கேட்டதாகவும் சொன்னாள். வண்டி சாய்ந்ததா என்று கேட்டபோது சாயவே இல்லை என்றாள். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியாக எதிர்த்தரப்பு வக்கீல், இந்தம்மாவுக்கு முன்பே ஏதாவது உடம்புக் கோளாறு உண்டா என்று கேட்டார்.

"இடுப்பு வலி பழசுங்க. கொயந்த பொறந்தப்பவே நிமிர முடியாம கெடந்தா. நான்தான் வெந்நீர் ஊத்தினேன்."

அது உண்மைதான். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். என் பெண் பிறந்தபோது அவள் செய்த உபகாரத்தை எடுத்து வந்து என் எதிரிலேயே என்மேல் போட்டுவிட்டாள். வக்கீலம்மா குறுக்கு விசாரணையில் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். ஓட்டியது உங்கள் தம்பிதானே என்றார். இல்லை, வழக்கமான டிரைவர் என்றாள். அந்த டிரைவரும் வந்து ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனான். காய்ச்சலில் படுத்திருந்தவன்.

தீர்ப்பு ஒரு மதியம் வந்தது. தள்ளுபடி. வக்கீலம்மா வராந்தாவில் நின்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அடிபட்டவுடனே சொன்ன வார்த்தைக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி, பிறகு சொல்வது யோசித்துச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். மலைக்காரர் உண்மையானவராகத் தெரிந்தாலும் நாளும் வண்டியும் அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இப்படியெல்லாம் எழுதியிருந்ததாம். நீதிபதிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் வாயிலிருந்து வந்ததைத்தான் அவர் படித்திருக்கிறார்.

மலைக்காரருக்குப் போன் செய்து சொன்னோம். நான் சொன்னது சரியா இல்லாமப் போச்சுங்களா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். தன்னால்தான் தோற்றுவிட்டது என்று நினைத்துவிட்டார். அன்று இரவு சாப்பிடும்போது இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் தட்டிலேயே கையைக் கழுவினார். ஆஸ்பத்திரியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்ட அந்த ஒரு தடவைக்குப் பிறகு, இந்த மூன்று வருஷத்தில் அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தீர்ப்புக்குப் பத்து நாள் கழித்து தெருக்குழாயில் அக்கா தனியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மதிய நேரம், தெருவில் ஆள் இல்லை. சண்டை போட நான் போகவில்லை. கேஸ் முடிந்துவிட்டது. இனி அவளுக்கு என்னால் எந்தக் கெடுதலும் வராது. அவள் ஒரே ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் போதும், அதோடு விட்டுவிடலாம் என்றுதான் போனேன்.

"அக்கா, இங்க யாரும் இல்ல. எனக்கு மட்டும் சொல்லு. நான் வண்டில இருந்தனா இல்லியா?"

அவள் குடத்தைக் குழாயிலிருந்து நகர்த்தினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் பயமும் இல்லை, பகையும் இல்லை.

"நீ அன்னிக்கு வரலடி."

அவ்வளவுதான் சொன்னாள். குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நான் குழாயடியிலேயே நின்றேன். ஒரு நிமிஷம், நிஜமாகவே ஒரு நிமிஷம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வளைவு, எதிரில் வந்த பஸ், மூச்சு முட்டியது, காரில் அவள் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்து எடுக்க வேண்டியிருந்தது. கோர்ட்டில் பொய் சொன்னபோது அவள் தம்பிக்காகச் சொன்னாள் என்று என்னால் எங்கேயோ ஒரு மூலையில் நியாயம் சொல்லிக்கொள்ள முடிந்தது. குழாயடியில் யாருக்காகச் சொன்னாள்? அவளுக்கே அது உண்மையாகிவிட்டதா, அல்லது ஒரு தடவை எனக்கு ஒத்துக்கொண்டால் தான் செய்ததெல்லாம் தன்மேலேயே வந்து விழும் என்று பயமா? இன்றுவரை தெரியவில்லை. தோற்றுப்போன தீர்ப்பைவிட அந்தப் பதில்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

சென்னை ஹைகோர்ட்டில் அப்பீல் போட வக்கீலம்மா காகிதங்களை அனுப்பியிருக்கிறார். வருஷக் கணக்கில் ஆகும், எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு உட்காரவே முடியாது என்றேன். அவர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். மெடிக்கல் போர்டுக்கு மறுபடி எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை மாத்திரை போடாமல் போவேன்.

வேலை என்று இப்போது எனக்கு இருப்பது கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஃபாரம் நிரப்புவது. நின்றுகொண்டே செய்யலாம் என்று கடைக்காரம்மா உயரமான மேஜை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நாளுக்கு மூன்று மணி நேரம், முடிகிற நாளில் மட்டும். எதிர் வீட்டுக்கு இப்போதும் காலையில் வண்டி வருகிறது. பெண்கள் தூக்குவாளியோடு ஏறுகிறார்கள். அக்கா தலை எண்ணுகிறாள். அவள் தம்பி லாரி லைசென்ஸ் எடுத்துவிட்டான் என்று கேள்வி. என் பெண் அவளைப் பார்த்தால் பெரியம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

போன வாரம் டவுன் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். சீட்டு காலியாக இருந்தும் நான் கம்பியைப் பிடித்து நிற்பதைப் பார்த்து ஒரு அம்மாள், உக்காரேன்மா, எதுக்கு நின்னுக்கினு வர்ற என்றாள். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் நான் ஒளிப்பதில்லை. மரவள்ளிக் காட்டிலிருந்து ஆரம்பித்தேன். லைசென்ஸ் இல்லாத தம்பி, வளைவு, மூட்டை, ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் அடப்பாவமே, அடப்பாவமே என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அக்கா கூண்டில் ஏறுகிற இடத்துக்கு நான் வந்தபோது அவள் இறங்க வேண்டிய சோமண்டார்குடி வந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு, உடம்பப் பாத்துக்கம்மா என்று என் கையைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள். பஸ் கிளம்பியது.